விருந்தினர் தாங்களே அலங்கரித்துச் சாப்பிடும் ஐஸ்கிரீம் மேஜை: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் 4 லிட்டர் டப் கேட்டு வருபவர்கள் கூடிவிடுகிறார்கள். ஐஸ்கிரீமை நடுவில் வைத்து, சாஸ், பருப்பு, பழம் எல்லாவற்றையும் சுற்றிப் பரப்பி, ‘உங்களுக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று விட்டுவிடுவதுதான் இப்போது பல வீடுகளில் வழக்கம். இது சொதப்புவது பெரும்பாலும் ஒரே இடத்தில். கல்லாக உறைந்த டப்போடு ஒருவர் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, மற்றவர்கள் கிண்ணத்தோடு வரிசையில் நிற்பார்கள். முதல் ஆளுக்குக் கரண்டி இறங்காது. பதினைந்தாவது ஆளுக்குப் பாயசம்தான் கிடைக்கும்.

அதனால் உருண்டைகளை முந்தின நாள் இரவே போட்டுவிடுங்கள். ஃப்ரீசரை அதிகக் குளிர்ச்சிக்குத் திருப்பி, பட்டர் பேப்பர் விரித்த எவர்சில்வர் தட்டு ஒன்றை அரை மணி நேரம் உள்ளே வையுங்கள். டப்பை வெளியே வைத்து இளக்கினால் ஓரம் உருகும், நடு இளகாது. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் 15 நிமிடம் வைத்தால் சீராக இளகும். ஸ்கூப்பைத் தண்ணீரில் முக்கி, நன்றாக உதறிவிட்டு எடுங்கள். ஒட்டியிருக்கும் நீர்தான் பிறகு பல்லில் நறநறக்கும் ஐஸாகிறது. உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி, மேலே கிளிங் ஃபிலிம் மூடி உடனே உள்ளே வைத்துவிடுங்கள். மூடாவிட்டால் பக்கத்திலிருக்கும் மீன் வாடையை ஐஸ்கிரீமின் கொழுப்பு இழுத்துக்கொள்ளும்.

60 மில்லி உருண்டையாகப் போட்டால் லிட்டருக்கு 15 கிடைக்கும். ஆளுக்கு இரண்டு என்றால் 20 பேருக்கு 3 லிட்டர் போதும். அதில் பாதி வெனிலாவாக இருக்கட்டும். மேலே போடுவதன் ருசி வெனிலாவில்தான் எடுபடும். ஏழெட்டு வகை வாங்கினால் எல்லாவற்றிலும் மிச்சம்தான்.

பரிமாறும்போது தட்டை வெறும் ஐஸ்கட்டி மேல் வைப்பதில் பெரிய பயன் இல்லை. உருகும் ஐஸ் 0 டிகிரியில் நிற்கும். உருண்டை உருக்குலையாமல் இருக்க −12 டிகிரியாவது வேண்டும். அகலமான பாத்திரத்தில் மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல் உப்பு கலந்து, அதன் மேல் தட்டை வையுங்கள். குளிர் பூஜ்யத்துக்கு வெகு கீழே இறங்கிவிடும். மின்விசிறிக்கு நேர் கீழே மட்டும் மேஜையைப் போடாதீர்கள், காற்று படப்பட உருகும். உலர் பனி (டிரை ஐஸ், அதாவது உறைந்த கரியமில வாயு) கேட்பவர்களுக்கு: சிறுவர்கள் கை நீட்டும் மேஜைக்கு அது வேண்டாம். −78 டிகிரியில் இருப்பதால் தொட்டால் தோல் புண்ணாகும். மூடிய அறையில் அதன் வாயு மூச்சுத் திணற வைக்கும்.

மேலே போடுவதில் குழந்தைகளை அதிகம் கவர்வது ஓடுகட்டும் சாக்லேட். 200 கிராம் டார்க் சாக்லேட்டை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி, 50 கிராம் தேங்காய் எண்ணெய் கலந்து ஆறவிடுங்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைவது. அதனால் நம் ஊர்க் கோடையில் மேஜைமேல் திரவமாகவே இருக்கும்; உருண்டைமேல் ஊற்றியதும் கண்ணெதிரே பளபளப்பு மங்கி ஓடாக இறுகும், கரண்டியால் தட்டி உடைக்கலாம். உருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சாக்லேட் திரிதிரியாகக் கட்டிப்போகும்.

அன்னாசியை வேகவைக்காமல் பச்சையாக வைக்காதீர்கள். அதிலுள்ள நொதி பால் புரதத்தை உடைத்துக் கசப்பாக்கிவிடும். சர்க்கரை சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவைத்தால் தொல்லை இல்லை. மாம்பழம், பலாச்சுளை அப்படியே போடலாம். நொறுக்கிய கடலைமிட்டாய், வறுத்த முந்திரிக்குத் தனித்தனிக் கிண்ணம், தனித்தனிக் கரண்டி வையுங்கள். கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை யாராவது வருகிறதா என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. கோன்களைக் கடைசி நிமிடம்வரை பிரிக்க வேண்டாம், நமத்துப்போகும்.

பெரியவர்களுக்கு ஒரு மூலையில் ஜிகர்தண்டா வைத்தால் மதுரைக்காரர்கள் வேறு பக்கம் திரும்ப மாட்டார்கள். 15 பேருக்கு 20 கிராம் பாதாம் பிசின் போதும். தூசி பொறுக்கி, நிறைய தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். அவசரத்துக்கு இரண்டு மணி நேரம் ஊறியதைப் போட்டால் நடுவில் கட்டி கட்டியாகத் தட்டும். இரண்டு லிட்டர் பாலைச் சர்க்கரை சேர்த்து ஒன்றேகால் லிட்டராகச் சுண்டக் காய்ச்சிக் குளிரவையுங்கள். கிளாஸில் முதலில் பிசின், பிறகு ஒரு மேசைக்கரண்டி நன்னாரி சர்பத், அதன் மேல் பால், கடைசியில் ஐஸ்கிரீம். ஐஸ்கிரீமை முதலில் போட்டால் மிதந்து கலங்கிவிடும்.

ஐஸ்கிரீமைக் கையாலேயே செய்து பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்கு: 100 மில்லி கொழுப்பு நீக்காத பால், 50 மில்லி ஃப்ரெஷ் கிரீம், ஒன்றரை மேசைக்கரண்டி பொடித்த சர்க்கரை, இரண்டு சொட்டு வெனிலா எசன்ஸ். ஜிப் பையில் ஊற்றிக் காற்றை வெளியேற்றி மூடி, இன்னொரு ஜிப் பைக்குள் போடுங்கள். அதை அரை கிலோ ஐஸ், 150 கிராம் கல் உப்பு உள்ள பெரிய பையில் வைத்து, துண்டு சுற்றிப் பத்து நிமிடம் குலுக்க வேண்டும். வெறுங்கையால் குலுக்கினால் விரல் மரத்துவிடும். பையைத் திறக்குமுன் வெளிப்புறத்தைக் குழாய்நீரில் கழுவாவிட்டால் ஐஸ்கிரீம் உப்புக் கரிக்கும்.

தட்டில் உருகிப்போனதை மறுபடி உறையவைக்காதீர்கள். மணல்போல ஆகிவிடும், வெயிலில் வெகுநேரம் இருந்திருந்தால் வயிற்றுக்கும் ஆகாது. இளகத் தொடங்கியதுமே பாலோடு மிக்ஸியில் அடித்து மில்க்‌ஷேக்காக ஊற்றிவிடுங்கள்.

வீட்டு ஃப்ரீசரில் தட்டு வைக்க இடமில்லாதவர்கள் இரண்டு நாள் முன்பு சொன்னால் நாங்களே உருண்டை போட்டு, தெர்மாகோல் பெட்டியில் அடைத்துத் தருகிறோம். வழியில் பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்க்க வேண்டாம். எண்ணிக்கையை மூடிமேல் எழுதியிருப்போம். பெட்டியை மட்டும் கழுவிக் காயவைத்துத் திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஐஸ்கிரீம் கடையினர்