அம்மாச்சியின் மோதிர விரல்

அன்புள்ள கயல்,

நெதர்லாந்தில் நீ குடியிருக்கும் ஐந்தோவனிலிருந்து நூனென் என்ற ஊர் எட்டு கிலோமீட்டர்தானாம். இரண்டு வருஷமாக அங்கே இருக்கிறாய், அந்தப் பேரை ஒரு தடவைகூட நீ சொல்லிக் கேட்டதில்லை. குறை சொல்லவில்லை கண்ணு. போன ஞாயிற்றுக்கிழமை வரை எனக்கும் தெரியாது.

பிரபு வந்து டிவியில் யூடியூப் போட்டுக் கொடுத்தான். வாயாலேயே சொன்னால் தேடும் அத்தை என்றான். நான் 'உருளைக்கிழங்கு' என்றேன். வறுவலும் பொரியலும் வரிசையாக வந்ததற்கு நடுவே, இருட்டாக ஒரு படம். விளக்கடியில் அஞ்சு பேர் உட்கார்ந்து கிழங்கு சாப்பிடுகிறார்கள். அதை அமுக்கச் சொன்னேன். வான்கோ என்ற ஓவியரையும் அவர் படத்துக்காக உட்கார்ந்த கூலி சனங்களையும் பற்றிய ஆவணப்படம். ஆங்கிலம் பாதி புரிந்தது, மீதியைப் பிரபு நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அவனுக்கு அலுத்துவிட்டது. எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அப்புறம் இரண்டு நாள் அவனை விடாமல், வான்கோ எழுதின கடிதங்களையும் தேடிப் படித்துக் காட்டச் சொன்னேன். எண்ணூறுக்கும் மேல் இருக்கின்றன, எல்லாவற்றையும் இணையத்திலேயே போட்டு வைத்திருக்கிறார்கள்.

1883 டிசம்பரில் அவர் நூனெனுக்கு வருகிறார். முப்பது வயது. வருமானம் கிடையாது. அவருடைய அப்பாதான் அங்கிருந்த சின்னப் புராட்டஸ்டண்ட் சபைக்குப் பாதிரியார். மற்றபடி ஊரில் பெரும்பாலும் கத்தோலிக்கர், தறி நெய்கிறவர்களும் நிலத்தில் பாடுபடுகிறவர்களும். பாரிஸில் ஓவியம் விற்கும் கடையில் இருந்த தம்பி தியோ மாதாமாதம் பணம் அனுப்புவார். வர்ணம், சாப்பாடு, படத்துக்கு உட்காருகிறவர்களுக்குக் கொடுக்கிற கூலி, எல்லாம் அதிலிருந்துதான்.

1884-85 பனிக்காலத்தில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட முகங்களை வரைந்திருக்கிறார். உனக்கு இது வெறும் எண்ணிக்கையாகத் தெரியலாம். எனக்கு உடனே பிடிபட்டது. பனி விழுகிற மாசத்தில் காட்டில் வேலை இருக்காது. அடுப்போரமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறவர்களிடம், அப்படியே உட்கார், காசு தருகிறேன் என்றால் யார் மாட்டேன் என்பார்கள்? ஆனால் சும்மா உட்காருவதும் வேலைதான். கழுத்தை ஒரு பக்கமாகத் திருப்பி அரை மணி நேரம் அசையாமல் இருந்து பார், தெரியும்.

அந்த அஞ்சு பேர் தெ குரோட் குடும்பத்தார். சாயங்காலம் ஆனால் அவர்கள் குடிசைக்குப் போய்விடுவார் வான்கோ. பெரிய படத்தைப் பெரும்பாலும் மனசில் இருந்ததை வைத்து முடித்திருக்கிறார். அப்படி முடிக்கிற நாட்களிலும் குடிசைக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். 1885 மே மாதத்தில் முடிந்தது. அகலம் 114 செண்டிமீட்டர், உயரம் 82. நடுவில் தொங்கும் எண்ணெய் விளக்கு, ஆவி பறக்கிற கிழங்குத் தட்டு, ஒரு கிழவி காப்பி ஊற்றுகிறாள், ஒரு சின்னப் பெண் நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள். முகமெல்லாம் மண் நிறம். தோல் உரிக்காத, மண் ஒட்டின கிழங்கின் நிறத்தைத்தான் அந்த முகங்களுக்குக் கொடுத்தேன் என்று தம்பிக்கு எழுதியிருக்கிறார். தட்டில் வைக்கிற அதே கையால்தான் இவர்கள் மண்ணையும் தோண்டினார்கள், நியாயமாகச் சம்பாதித்த சாப்பாடு இது, அதைத்தான் காட்ட நினைத்தேன் என்றும் எழுதியிருக்கிறார்.

அவருடைய நண்பர் ராப்பார்ட் என்ற ஓவியர் இதன் அச்சுப் படத்தைப் பார்த்துவிட்டுக் கன்னாபின்னாவென்று திட்டிக் கடிதம் போட்டார். ஒருத்தன் கை குட்டையாக இருக்கிறது, மூக்குப் பாதியைக் காணோம், இப்படி வரிசையாக. அதோடு நட்பும் முறிந்துபோனது. கை கோணல் என்கிறார். நான் எழுந்து டிவிகிட்டேயே போய்ப் பார்த்தேன். மூட்டெல்லாம் புடைத்து, விரல்கள் மடங்கினபடி இருந்தன. கொத்து பிடித்துப் பழகின கை முழுசாக விரியாது கயல். எனக்கு அந்தக் கோணல்தான் சரியாகப் பட்டது.

இப்போது அம்மாச்சி கதைக்கு வருகிறேன், அதற்காகத்தான் இவ்வளவும்.

கேத்திப் பக்கம் அம்மாச்சி கிழங்குக் காட்டில் கூலிக்குப் போனது உனக்குத் தெரியும். எனக்குப் பதினாலு வயது இருக்கும்போது, லீவு நாளில் நானும் கூடப் போவேன், பொடிக்கிழங்கு பொறுக்க. ஒரு நாள் கேமராவும் கையுமாக ஒருத்தர் வந்தார். பெரிய பை, மூன்று கால் ஸ்டாண்டு. அம்மாச்சியைக் காட்டி, இந்தம்மா வரட்டும் என்றார். கையில் கிழங்கை அள்ளி நிற்கச் சொன்னார். மண்ணைத் துடைக்காதீங்க என்றார். மேகம் விலகட்டும் என்று நிற்க வைத்தார். மறுபடி மேகம் வந்தது, மறுபடி நிற்க வைத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேலே போயிருக்கும். போகும்போது எனக்கு இரண்டு மிட்டாய் கொடுத்தார். சாயங்காலம் கூலி போடும்போது மேஸ்திரி அம்மாச்சிக்கு அரை நாள்தான் போட்டார். நின்றாயே, தோண்டினாயா என்று கேட்டார்.

அதை நான் மறந்தே போனேன். நீ பிறந்து மூன்று வயதிருக்கும், கோயம்புத்தூரில் ஒரு ஓட்டலில் கல்யாண வரவேற்பு. கை கழுவப் போகிற வழியில், சுவரில் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி போட்ட படம். முகம் இல்லை. இரண்டு கை, நிறையக் கிழங்கு, நகக்கண்ணில் கறுப்பு மண். இடது கை மோதிர விரல் நடுவில் உடைந்த மாதிரி வெளியே வளைந்திருந்தது. சின்ன வயதில் கல் விழுந்து ஒடிந்து, வைத்தியம் பார்க்காமல் விட்ட விரல். அந்த விரலால்தான் எனக்குத் தலை வாரி விடுவாள், பேன் எடுப்பாள். வேறு யாருடைய கையாக இருக்க முடியும்? கீழே எடுத்தவர் பேர் மட்டும் பித்தளைத் தகட்டில் இருந்தது. உங்க அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். 'இருக்கலாம்' என்றார். அவருக்குப் பந்தி அவசரம்.

ஊருக்கு வந்து அம்மாச்சியிடம் சொன்னேன். அழுவாள், இல்லை பெருமைப்படுவாள் என்று நினைத்தேன். சுண்டைக்காய் ஆய்ந்துகொண்டே, "அந்த அரை நாள் கூலியைக் கேட்டியா?" என்றாள்.

நூனெனிலும் இப்படி ஒரு பதில் இருக்கிறது. 1885-இல், அந்த வீட்டுப் பெண் கோர்டினா, அவள் கர்ப்பமாகிறாள். கல்யாணம் ஆகவில்லை. தினமும் வீட்டுக்கு வந்து போகிற படக்காரன்தான் காரணம் என்று ஊர் பேசியது. இல்லவே இல்லை என்று தம்பிக்கு எழுதுகிறார் இவர். கத்தோலிக்கப் பாதிரியார் சபை ஜனங்களைக் கூப்பிட்டு, இனி இவனுக்குப் படத்துக்கு உட்காரக் கூடாது என்றார். உட்காராமல் இருந்தால் காசு தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தாராம். அதற்கு அவர்கள், உங்களிடம் கையேந்துவதைவிட அவரிடம் சம்பாதித்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். இதைப் பிரபு படித்ததும் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அம்மாச்சி பேசின மாதிரியே இருந்தது.

வாய் பேசினாலும் பயம் விடுமா? ஆட்கள் வருவது நின்றுபோனது. அந்த நவம்பரிலேயே அவர் ஆண்ட்வெர்ப்புக்கு ரயில் ஏறிவிட்டார், திரும்பி வரவே இல்லை. ஆவணப்படம் அவர் பின்னாலேயே போய்விட்டது, பாரிஸ், சூரியகாந்தி என்று. எனக்கு மனசு கோர்டினா கூடவே நின்றது. அக்டோபரில் அவளுக்குப் பிள்ளை பிறந்தது. அதே ஊர், அதே கோயில், அதே பேச்சு. அவள் எங்கே ரயில் ஏறுவாள்?

அவர்மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஒரு கடிதத்தில் இந்தச் சனங்களின் முகத்தைத் தாழ்ந்த நெற்றி, தடித்த உதடு என்று மாட்டுச் சந்தையில் பார்க்கிற மாதிரி வர்ணிக்கிறார். பாராட்டாகத்தான் சொல்கிறார், இருந்தாலும் கேட்கவே ஒரு மாதிரி இருந்தது. ஆனால் காசு கொடுத்தார். அவர்கள் அடுப்புப் புகையில் உட்கார்ந்தார். இரண்டு வருஷம் கழித்து பாரிஸிலிருந்து தங்கைக்கு எழுதும்போது, நான் செய்ததிலேயே அந்தக் கிழங்கு தின்கிறவர்கள் படம்தான் நன்றாக வந்தது, அதற்கப்புறம் உட்கார ஆள் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். கேமராக்காரருக்கு அம்மாச்சி ஞாபகம் வந்திருக்குமா என்று தெரியாது.

நூனெனில் அவர் விட்டுப்போன படங்கள் என்ன ஆனது தெரியுமா? அவருடைய அம்மா வீடு மாற்றி பிரேடாவுக்குப் போனபோது, பெட்டி பெட்டியாக ஒரு தச்சரிடம் போட்டு வைத்திருக்கிறார்கள். அப்புறம் ஒரு பழைய சாமான் வியாபாரி வாங்கி, வண்டியில் வைத்துச் சில்லறைக் காசுக்கு விற்றாராம். அந்தக் கிழங்குப் படம் முன்னாடியே தம்பி கைக்குப் போய்விட்டதால் தப்பித்தது.

அது இப்போது ஆம்ஸ்டர்டாமில் அவர் பேரில் இருக்கிற மியூசியத்தில் இருக்கிறது. ஐந்தோவனிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது என்கிறான் பிரபு. டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடு. முதலில் நூனெனுக்கு சைக்கிளில் போய்விட்டு வா. பாதிரியார் வீடு இன்னும் நிற்கிறதாம், பக்கத்திலேயே அவருக்கு ஒரு மியூசியமும் வைத்திருக்கிறார்கள். காதுக்கு மப்ளர் கட்டிக்கொள், போன தடவை மாதிரி சளி பிடித்துக்கொண்டு போனில் இருமாதே.

ஆம்ஸ்டர்டாமில் அந்தப் படத்துக்கு முன்னால் நிற்கும்போது ஒன்று மட்டும் பார்த்துச் சொல். அவர்கள் நகத்தில் மண் இருக்கிறதா? டிவியில் ஒரே இருட்டு, எனக்குத் தெரியவில்லை.

அன்புடன்,
அம்மா