புது ரேஞ்ச்ஃபைண்டருக்காகக் காத்திருக்கும் நம் வாடிக்கையாளர்களுக்கு

வணக்கம்.

சில வாரங்களாகக் கடைக்கு வருபவர்களும் போனில் அழைப்பவர்களும் கேட்பது ஒரே கேள்விதான். லைகாவின் எம்11 ரேஞ்ச்ஃபைண்டருக்கு, அதாவது ஜன்னலில் தெரியும் இரண்டு உருவத்தை ஒன்றாக்கிக் கையால் ஃபோகஸ் செய்யும் கேமராவுக்கு, அடுத்தது எப்போது வரும், இப்போதே அட்வான்ஸ் கொடுத்தால் முதலில் வரும் பெட்டி எனக்குக் கிடைக்குமா? ஒவ்வொருவருக்கும் அவசரத்தில் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்புவது சரியில்லை என்று பட்டது, ஏனென்றால் இதில் பலருடைய பல வருடச் சேமிப்பு இருக்கிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

முதலில் காசு விஷயம். அட்வான்ஸ் வாங்கப் போவதில்லை. நிறுவனம் இன்னும் அறிவிக்காத, விலை என்னவென்று யாருக்கும் தெரியாத ஒரு கேமராவுக்காக ஒரு ரூபாய்கூட வாங்க மாட்டோம். சில வருடங்களுக்கு முன் வேறொரு கேமராவுக்கு அப்படி வாங்கினோம். சரக்கு தருவதாகச் சொன்னவர் 'அடுத்த வாரம், அடுத்த வாரம்' என்று ஏழு மாதம் இழுத்தடித்தார், எங்களை நம்பிப் பணம் கட்டிய ஒருவர் தன் மகள் கல்யாணத்தைப் பழைய கேமராவிலேயே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அந்த வருத்தம் எங்களுக்கு இன்னும் இருக்கிறது. பெயரையும் போன் எண்ணையும் கொடுத்துவிட்டுப் போங்கள், அது போதும். கேமரா கைக்கு வந்ததும் அதே வரிசையில்தான் கூப்பிடுவோம்.

சரி, புதிதாக வருவதில் என்ன எதிர்பார்க்கலாம்? டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் என்ற வகைக்கே வயது இருபது சொச்சம்தான். 2004-இல் எப்சன் கொண்டுவந்த ஆர்-டி1 தான் முதல். கோசினா நிறுவனத்தின் பெஸ்ஸா என்ற ஃபிலிம் கேமராவின் உடல், 6 மெகாபிக்சல் சென்சார், மேலே கடிகாரம் மாதிரி முட்கள். ஒவ்வொரு படத்துக்கும் கட்டைவிரலால் லீவரை இழுக்க வேண்டும். அது ஃபிலிமை நகர்த்துவதற்கு இல்லை, ஷட்டரை ஏற்றுவதற்கு. கடைக் கண்ணாடி அலமாரியில் ஒன்று இருக்கிறது, வந்தால் கையில் எடுத்துப் பாருங்கள்.

லைகா 2006-இல் எம்8-ஐக் கொண்டுவந்தது. ஆவலோடு முதலில் வாங்கியவர்கள் கண்டது என்ன தெரியுமா? கறுப்பு செயற்கை இழைத் துணி படத்தில் ஊதா கலந்து வந்தது. சென்சாருக்கு முன்னால் இருந்த கண்ணாடி மெலிதாக இருந்ததால் அகச்சிவப்புக் கதிர் உள்ளே புகுந்துவிட்டது. வாங்கியவர்களுக்கு லைகா இரண்டிரண்டு ஃபில்டர் இலவசமாகக் கொடுத்துச் சமாளித்தது. அடுத்து 2009-இல் எம்9, முழு ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவுக்கே சென்சார்), 18 மெகாபிக்சல். அதன் நிறத்துக்காகவே இன்றும் தேடி வருகிறார்கள், ஆனால் அதிலும் சென்சார் மேல் கண்ணாடி அரித்துப்போகும் குறை சில வருடம் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. இரண்டும் நல்ல கேமராக்கள். நாங்கள் சொல்ல வருவது, முதல் நாளே வாங்கியாக வேண்டும் என்ற அவசரம் வேண்டாம், நாலு மாதம் மற்றவர்கள் கையில் புழங்கட்டும் என்பதுதான். இடையில் பழைய எம்9 யாராவது விற்க வந்தால், லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்து, அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். சின்னச் சின்ன வட்டமாகப் புள்ளிகள் தெரிந்தால் வாங்காதீர்கள், சென்சாரை இலவசமாக மாற்றித் தந்த காலம் முடிந்துவிட்டது.

பலர் கேட்கும் இன்னொன்று, கை நடுங்கினாலும் படம் கலங்காமல் பாடிக்குள்ளேயே அதிர்வைத் தாங்கும் வசதி. சென்சார் அசைந்து கொடுக்க இடம் வேண்டும். 2017-இல் எம்10 வந்தபோது முந்தைய மாடலைவிடச் சுமார் 4 மி.மீ. ஒல்லியானதற்கே ஆர்வலர்கள் எவ்வளவு மகிழ்ந்தார்கள் என்பது நினைவிருக்கும். அந்த ஒல்லியையும் விட மாட்டோம், உள்ளே இன்னொரு இயந்திரமும் வேண்டும் என்றால் கஷ்டம்தான். விலை குறையும் என்று நினைப்பவர்களுக்கு: அமெரிக்காவில் எம்8 வந்தபோது 4,795 டாலர், 2022-இல் எம்11 வந்தபோது 8,995 டாலர். நம் ஊருக்கு வரும்போது வரியும் சேரும்.

எங்களைக் கேட்டால், புதிதாக வருவதில் மெகாபிக்சல் கூட வேண்டாம். பார்க்கும் ஜன்னல் நன்றாக வேண்டும். பழைய லைகாக்களில் ஃபோகஸ் பார்க்க ஒரு துளை, காட்சி பார்க்க இன்னொன்று. 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களைப் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் லைகாவில் எடுத்தாரே, அப்போது இரண்டும் தனித்தனிதான். 1954-இல் எம்3 வந்துதான் லைகாவில் இரண்டும் ஒரே ஜன்னலுக்குள் வந்தன. எம்3 ஜன்னலின் பெரிதாக்கம் 0.91, எம்11-இல் 0.73. அகலமான காட்சி எடுக்கும் லென்ஸுக்குச் சின்னப் பெரிதாக்கம் வசதி, அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 50 மி.மீ. லென்ஸை முழுக்கத் திறந்து ஆள் முகம் எடுப்பவர்கள் எம்3-இல் ஒருமுறை கண்ணை வைத்துப் பார்த்தால், நாங்கள் சொல்வது உடனே புரிந்துவிடும்.

உள்ளே நடப்பது இவ்வளவுதான்: லென்ஸைத் திருப்பும்போது அதன் பின்பக்க விளிம்பு, பாடிக்குள் இருக்கும் சின்ன உருளையைத் தள்ளுகிறது. உருளை ஒரு கையை அசைக்க, ஜன்னல் நடுவில் தெரியும் இரண்டாவது உருவம் நகர்ந்து வந்து முதலாவதோடு ஒன்றாகிறது. எலக்ட்ரானிக்ஸ் ஒன்றும் இல்லை, எல்லாம் தகரமும் கண்ணாடியும் திருகும்தான். 50 மி.மீ. லென்ஸில் ஒரு மீட்டர் தூரத்தில் துளையை நன்றாகத் திறந்து எஃப் 1.4 வைத்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் ஃபிலிம் காலக் கணக்கில் சுமார் 3 செ.மீ., 60 மெகாபிக்சலில் பெரிதாக்கிப் பார்க்கும்போது அதுவும் குறைந்துவிடும். அந்தக் கை மயிரிழை விலகினால் போதும், கண்ணுக்கு வைத்த ஃபோகஸ் காதில் போய் விழும். போன மாதம் ஒருவர், 'இந்தப் பாடி சரியில்லை, புது மாடல் வந்ததும் மாற்றிவிடுகிறேன்' என்று எம்10-ஐக் கொண்டுவந்து வைத்தார். மொட்டை மாடிக்குப் போய்த் தூரத்துச் செல்போன் டவரைப் பார்த்தால் இரண்டு டவர் தெரிந்தது. பைக் பெட்டியில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியதில் விலகியிருந்தது. அரை மணி நேர வேலை. டவர் ஒன்றானதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! லென்ஸையும் வைத்துப் பார்த்தோம், அதில் ஒரு குறையும் இல்லை.

வெள்ளெழுத்து வந்து, அந்த நடுக்கட்டம் தெளிவாகத் தெரியவில்லை என்பவர்கள் பாடியை மாற்றும் முன், கண் பார்க்கும் துளையில் திருகிக்கொள்ளும் பவர் லென்ஸைப் போட்டுப் பாருங்கள். அதுவும் போதாது என்றால், 2025-இல் லைகாவே வெளியிட்ட எம் இவி1 இருக்கிறது. லென்ஸ் மாட்டும் வாயான மவுண்ட் அதேதான், ஆனால் ரேஞ்ச்ஃபைண்டர் கிடையாது, எலக்ட்ரானிக் ஜன்னல். அது வந்த பிறகு 'இனி ரேஞ்ச்ஃபைண்டரே வராதா' என்று சிலர் கவலையோடு கேட்டார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. பிரான்சில் பெசான்சோன் என்ற கடிகார ஊரில் பிக்ஸி என்ற சின்ன நிறுவனம் திரையே இல்லாத ரேஞ்ச்ஃபைண்டர் செய்து, 2024-இல் முழு ஃபிரேமும் கொண்டுவந்துவிட்டது. சின்ன நிறுவனமே இதற்காக இவ்வளவு மெனக்கெடும்போது இந்த வகை சீக்கிரம் போய்விடாது.

கடைசியாக, தயவுசெய்து லென்ஸை விற்றுவிட்டுக் காத்திருக்காதீர்கள். புது பாடியும் அந்த மவுண்ட்டோடுதான் வரும், நல்ல பழைய லென்ஸ் திரும்பக் கிடைப்பது கஷ்டம். சென்னைக் காற்றுக்குப் பீரோவில் தோல் பைக்குள் பூட்டி வைத்தால் ஆறே மாதத்தில் பூஞ்சை பிடித்துவிடும். ஈரம் போக்கும் அலமாரியான டிரை கேபினட் இல்லாதவர்கள் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், நிறம் மாறியதும் சூடாக்கிக் காயவைத்து மறுபடி போடுங்கள்.

இந்த மாதம் முழுக்க, எங்களிடம் வாங்கியதோ வேறு எங்கே வாங்கியதோ, ரேஞ்ச்ஃபைண்டர் எதைக் கொண்டுவந்தாலும் ஃபோகஸ் சரியாக விழுகிறதா என்று இலவசமாகப் பார்த்துத் தருகிறோம். அடிக்கடி போடும் லென்ஸையும் கூடவே எடுத்து வாருங்கள், பாடியை மட்டும் வைத்துப் பார்த்தால் பாதிதான் தெரியும். காலையில் வந்தால் நல்லது, மதியத்துக்கு மேல் மாடியில் வெயிலில் நின்று டவரைப் பார்க்க முடியாது.

அன்புடன்,
உங்கள் கேமரா கடை