சம்பத்துக்கு: அருவிக்காரனின் வயது

காவேரிப்பட்டணம்,
ஆனிக் கடைசி.

அன்புள்ள சம்பத்,

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலியும் அப்படியே இருக்கிறது, வசவும் அப்படியே இருக்கிறது. நீ வரைந்து அனுப்பிய ‘அருவிக்காரன்’ படக்கதையின் பன்னிரண்டு பக்கங்கள் வந்து வெகுநாளாகியும் நான் வாய் திறக்காமல் இருந்ததற்கு மாங்காயே காரணம். பெங்களூரா காய்க்கு மாங்கூழ் ஆலைக்காரர்கள் இந்த ஆண்டு சொன்ன விலையைப் பற்றி எழுதத் தொடங்கினால் உன் அருவிக்காரனுக்குத் தாளில் இடம் இருக்காது; ஆகவே அதை விட்டுவிடுகிறேன். செல்வி பக்கங்களைப் படித்துவிட்டாள். அவள் கருத்தைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் அது என் கருத்துக்கு நேர் எதிரானது.

படங்களில் எனக்குக் குறையே இல்லை. வெள்ளம் வந்து பரிசல் ஓட்டத் தடை போட்ட நாளின், ஒகேனக்கல் பக்கத்து ஊட்டமலையை நீ வரைந்திருக்கும் விதத்தைப் பார்த்து, கவிழ்த்துப் போட்ட பரிசல்களின் அடியில் பூசிய தாரின் வாடை கூட எனக்கு வந்தது. வேலுவும் அருமையான பையன். பதினொரு வயதில், அப்பாவுக்கு வேலையில்லாத நாள்களை அம்மா விரல் விட்டு எண்ணுவதைக் கவனித்துவிட்டு, மீன் வறுக்கும் அக்காளிடம் போய் நிலுவைப் பணத்தை நயமாகக் கேட்டு வாங்குகிற அந்த ஆறாம் பக்கம் வரை நான் உன்னைத் திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஏழாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டாய்.

ஏழாம் பக்கத்தில் வேலு அருவிக்கடியில் நின்று மந்திரச் சொல்லைச் சொல்கிறான், முப்பது வயது வீரனாக மாறுகிறான், உடனே தன் புஜத்தைத் தானே தடவிப் பார்த்துச் சிரிக்கிறான். ஒரு குடும்பம் பாறைமேல் சிக்கி அலறிக்கொண்டிருக்கும்போது அவர்களிடமே கைப்பேசியை வாங்கித் தன்னைப் படம் எடுத்துக்கொள்கிறான். சம்பத், பரிசல்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவன் பெருக்கெடுத்த காவிரியின் முன் நின்று வேடிக்கை பேசி நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? கரையில் நின்று கூத்தடிப்பவர்கள் வெளியூரிலிருந்து வந்தவர்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் தண்ணீரின் நிறம் மாறியதுமே பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். ஆறு பக்கம் முழுக்க நாற்பது வயதுப் பொறுப்போடு நடந்த பையன், முப்பது வயது உடம்பு கிடைத்ததும் ஆறு வயதாகிவிடுகிறான்.

இது உனக்கு எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்பதும் எனக்குத் தெரியும். 2019-இல் வந்த ‘ஷஸாம்’ படத்தை நீ எத்தனை முறை பார்த்தாய் என்பதற்குச் செல்வி சாட்சி. அந்தப் படம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் இருக்கும் ஓட்டையும் இதேதான். பில்லி பேட்சன் பதினான்கு வயதில் வளர்ப்பு வீடு வளர்ப்பு வீடாக ஓடித் தப்பித்து, யாரையும் நம்பாமல், தொலைந்துபோன தாயைத் தானே தேடிக்கொண்டிருக்கும் இறுகிய பையன். அவனே ‘ஷஸாம்’ என்ற மந்திரச் சொல்லைச் சொல்லிப் பெரியவனாக மாறியதும் பீர் வாங்கிக் குடித்துத் துப்புகிறான், விரலிலிருந்து மின்னல் விட்டு ஊரைச் சிரிக்க வைக்கிறான். தன் தாய் தன்னைத் தெரிந்தேதான் கைவிட்டாள் என்று அறிகிற இடத்தில் அந்தச் சின்னப் பையனின் முகத்தில் தெரியும் முதுமையில் ஒரு துளி கூட அந்தப் பெரிய உடம்புக்குள் போய்ச் சேரவில்லை. இரண்டு நடிகர்களும் நன்றாக நடித்திருக்கிறார்கள், ஆனால் இரண்டு வெவ்வேறு பிள்ளைகளாக நடித்திருக்கிறார்கள்.

இந்தச் சிக்கல் அந்தப் பாத்திரம் பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. பில் பார்க்கர் எழுதி சி. சி. பெக் வரைந்து, 1940 பிப்ரவரி தேதியிட்ட இதழில் கேப்டன் மார்வெல் என்ற பெயரில் அவன் முதன்முதலில் வந்தபோது, பில்லி வேறு, அந்த வீரன் வேறு என்பது போலத்தான் கதைகள் நடந்தன. ஒருவர் மற்றவரை ‘அவர்’ என்றே குறிப்பிடுவார்கள். பையன் வானொலியில் அறிவிப்பாளனாக வேலை பார்ப்பான், ஆபத்து வந்தால் சொல்லைச் சொல்வான், பெரியவர் வந்து முடித்துவிட்டுப் போவார். ஆகவே பெரியவர் சிறுபிள்ளைத்தனமாக நடக்க வேண்டிய தேவையே எழவில்லை. வில்லன்களும் கெட்டிக்காரர்கள்; பெரியவரோடு மோத மாட்டார்கள், பையனின் வாயில் துணியை அடைத்துவிடுவார்கள். பதிப்புரிமை வழக்கு நீண்டு 1953-இல் அவனை வெளியிட்ட பதிப்பகம் அவன் கதைகளை நிறுத்திக்கொண்டது. வழக்குப் போட்ட தரப்பே 1973-இல் அவனை மறுபடி கொண்டுவந்தது. அப்போது வரைய அழைக்கப்பட்ட பெக், கதைகள் பிடிக்காமல் பத்து இதழ்களோடு விலகிக்கொண்டார். (ஓவியர்கள் கோபித்துக்கொண்டு போவது உன்னோடு தொடங்கிய வழக்கம் அல்ல.) 1987-இல் வந்த புதிய கதையில்தான் பெரிய உடம்புக்குள் பையனின் மனமே இருக்கிறது என்று உறுதி செய்தார்கள். படம் எடுத்துக்கொண்டது இந்த வழியை. நீயும் இதையே எடுத்திருக்கிறாய். எடு, எனக்கும் இதுதான் பிடிக்கும். ஆனால் பையனின் மனம் என்றால் கோமாளித்தனம் என்று யார் உனக்குச் சொன்னார்கள்?

அண்ணன் மகன் கதிர் உனக்கு நினைவிருக்கும், உன் சட்டையில் வண்ணத்தைக் கொட்டியவன். இந்தப் பருவத்தில் ஒரு நாள் அண்ணன் காய்ச்சலில் படுத்துவிட, எடைபோடும் இடத்தில் அவனை உட்கார வைத்தோம். காதில் பேனாவைச் செருகிக்கொண்டு, காலைத் தொங்கவிடாமல் சம்மணமிட்டு, கழிவுக்கு எவ்வளவு பிடிப்பது என்று வியாபாரி பேரம் பேசும்போது கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ‘அப்பாவிடம் கேட்டுத்தான் சொல்ல முடியும்’ என்று அவன் சொன்ன தோரணையில் அண்ணனே தோற்றுப்போவார். ஒரு காய் கூட விட்டுக்கொடுக்கவில்லை. வழக்கமாக எல்லோரும் கண்டுகொள்ளாமல் விடும் இரண்டு அடிபட்ட காய்களைக் கூடையிலிருந்து தானே எடுத்து வெளியே போட்டு, ‘இதை எடையில் சேர்க்கக் கூடாது’ என்று எங்களுக்கு எதிராகவும் நியாயம் சொன்னான். லாரி கிளம்பிய பிறகுதான் அணிலைத் துரத்திக்கொண்டு தோப்புக்குள் ஓடினான்.

நான் முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் பார்த்ததும் இதுவே. பிள்ளைகள் பள்ளிக்கூட விளையாட்டு விளையாடும்போது ஆசிரியராக இருப்பவனைப் பார். நம் கணக்கு வாத்தியாரை விடக் கொடியவனாக இருப்பான். பெரியவர் வேடம் கிடைத்த குழந்தை சிரிப்பதில்லை, மிதமிஞ்சிய கண்டிப்போடு நடந்துகொள்கிறது, ஏனென்றால் பெரியவர்கள் எப்போதும் சரியாக நடப்பவர்கள் என்று இன்னும் நம்புகிறது. வேலு அருவிக்காரனாக மாறியதும் அவன் அப்பாவின் குரலில், அப்பாவின் சொற்களில், பாறைமேல் இருப்பவர்களைப் பார்த்து, ‘மிதவைச் சட்டை எங்கே? எழுதிப் போட்டிருப்பதைப் படிக்கவில்லையா?’ என்று அதட்ட வேண்டும். அதில் சிரிப்பும் வரும், பையனும் தெரிவான்.

இனிச் சொல்வதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. பத்தாம் பக்கத்தில், அப்பாவை ஏமாற்றிய தரகனை அருவிக்காரன் தூக்கி ஆற்றில் எறிந்துவிட்டுச் சிரிக்கிறான்; நீ அதை ஒரு நகைச்சுவைக் கட்டமாக வரைந்திருக்கிறாய். குழந்தைகளிடம் எனக்கு மிகவும் பயம் தருவது அவர்களுடைய குறும்பு அல்ல, அவர்களுடைய நியாயம். வாக்கு மீறியவனை அவர்கள் மன்னிப்பதில்லை. கை சிறியதாக இருப்பதால் அந்தக் கோபத்தால் ஒன்றும் நேராமல் போகிறது. அந்தக் கோபத்துக்கு மலையைப் பெயர்க்கும் கையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் உன் கதையின் கரு, அதை நீ ஒரு கட்டத்தில் சிரித்துக் கடந்துவிட்டாய். அந்த அமெரிக்கப் பையனின் மந்திரச் சொல்லில் முதலெழுத்து சாலமன் அரசரைக் குறிக்கிறது. வலிமைக்கு ஹெர்குலிஸ் வருவதற்கு முன்பே அறிவுக்குச் சாலமன் வந்துவிடுகிறார். அப்படி ஏதாவது ஒரு பிடிமானம் வேலுவுக்கும் வேண்டும். அவன் தரகனைத் தூக்கிப் பிடித்தபடி, எறிவதா வேண்டாமா என்று அறியாமல், கரையில் நிற்கும் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அங்கே அவன் பதினொரு வயது.

தமிழில் இதற்கு முன்மாதிரி இல்லை என்று நீ தொலைபேசியில் சொன்னாய். இருக்கிறது. புறநானூற்று 77-ஆம் பாட்டில் இடைக்குன்றூர் கிழார் தலையாலங்கானத்துப் பாண்டியன் நெடுஞ்செழியனைப் பார்க்கிறார். கிண்கிணி கழற்றிய காலில் வீரக்கழல். சிறு வளை கழற்றிய கையில் வில். ஆனால் கழுத்தில் குழந்தைக்குக் கட்டும் தாலியை இன்னும் அவிழ்க்கவில்லை, பாலை விட்டு அன்றுதான் சோறு உண்டிருக்கிறான். உருமாற்றக் காட்சி என்றால் இதை விட வேறென்ன வேண்டும்? அதற்குப் பின் வருவதுதான் முக்கியம்: தன்மேல் பாய்ந்து வந்த வீரர்களைக் கண்டு அவன் வியக்கவும் இல்லை, இளக்காரமாக நினைக்கவும் இல்லை, வீழ்த்திய பிறகு மகிழவும் இல்லை, பெருமை பேசவும் இல்லை. சிறுவன் என்பதை உடம்பில் காட்டிவிட்டு, முதிர்ச்சியை நடத்தையில் காட்டிவிட்டார் புலவர். நீ அவன் கையில் கைப்பேசியைக் கொடுக்கிறாய்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அருவிக்காரனுக்கு நீ கொடுத்திருக்கும் அந்தப் பளபளக்கும் இடுப்புப் பட்டையை எடுத்துவிட்டு, வேலுவின் கறுப்பு அரைஞாண் கயிற்றை அப்படியே விட்டுவிடு. பெரிய உடம்பில் அது இறுக்கமாக இருக்கட்டும். அதை ஒருவரும் வாயால் சொல்ல வேண்டாம்.

மாற்றத்துக்கு நேர எல்லை வைப்பதைப் பற்றியும் யோசி. ‘பென் டென்’ கார்ட்டூனில் பென்னின் கைக்கடிகாரம் வேலையின் நடுவில் சிணுங்கிப் பத்து வயதுப் பையனாக அவனைத் திருப்பிப் போட்டுவிடும் அந்தத் தந்திரம் பழையதானாலும் பலன் தருவது. சிறுபிள்ளைத்தனத்தை அங்கே வை: வேலு திரும்பி வந்ததும் நடுங்கட்டும், பசியில் அக்காளின் கடையில் மூன்று மீனை விழுங்கட்டும், மறுநாள் வகுப்பில் தூங்கி அடி வாங்கட்டும்.

இனிச் செல்வியின் தரப்பு. ஏழாம் பக்கத்தைப் பார்த்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். படிக்கப்போவது பிள்ளைகள், அவர்கள் முருகேசன் மாமாவைப் போல உம்மென்று இருக்கும் வீரனைக் கேட்கவில்லை, தங்களால் செய்ய முடியாததையெல்லாம் செய்து பார்க்கும் ஒருவனைக் கேட்கிறார்கள் என்கிறாள். அவள் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. முதன்முறையாகப் பறக்கிற பையன் ஒரு கட்டம் முழுக்கக் கூத்தாடட்டும், ஆனால் பாறையில் ஆள் இருக்கும்போது வேண்டாம். ஊரில் யாரும் பார்க்காத ஒரு காலையில், வெறும் ஆற்றின்மேல் வைத்துக்கொள்.

ஏழையும் பத்தையும் மட்டும் மறுபடி வரைந்து அனுப்பு. பேச்சு வரிகளை நான் எழுதித் தருகிறேன். செந்தூரா மாம்பழம் ஒரு பெட்டி பேருந்தில் போட்டிருக்கிறேன், நடத்துநரிடம் உன் எண்ணைக் கொடுத்திருக்கிறேன், தொலைபேசியை எடு. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகலாம் என்று நீ சொன்னதற்கு நான் வரமாட்டேன், அந்தக் கூட்டத்தில் ஒன்றையும் பார்க்க முடியாது. அடுத்த வாரம் வா, துறையில் உட்கார்ந்து பேசலாம். பதினொன்றாம் பக்கத்தில் பரிசல்காரர் கையில் இரண்டு துடுப்பு வரைந்திருக்கிறாய். ஒன்றுதான்.

அன்புடன்,
முருகேசன்