உன் லேப்டாப்பைப் பிரிச்சுட்டேன், மாப்ள

ஏற்காடு
மார்கழி 5

மாப்ள,

சௌக்கியமா? தங்கச்சியும் பசங்களும் எப்படி இருக்காங்க? இங்க பழம் பறிப்பு ஓடிக்கிட்டு இருக்கு. காலையில ஏழு மணிக்கு ஆள் கணக்கு எடுக்க ஆரம்பிச்சா, சாயங்காலம் மூட்டை எடை போட்டு முடிக்கிறதுக்குள்ள பனி இறங்கிடுது. எதிர்ல நிக்கிற ஆளு தெரியாது, அவன் பீடி நெருப்பு மட்டும் தெரியும்.

சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வரேன். 2019-ல ஷார்ஜா கிளம்புறப்ப, "பத்திரமா வச்சிருடா, வந்து வாங்கிக்கிறேன்"னு ஒரு லேப்டாப்பு குடுத்துட்டுப் போனியே, அதைப் பிரிச்சு மேஞ்சுட்டேன். இனிமே நீ கேட்டா முழுசா குடுக்க முடியாது. எது எங்க போச்சுங்கற கணக்கைத்தான் குடுக்க முடியும். கணக்கப்பிள்ளை வேலை பாக்கறவன்கிட்ட வேற என்ன எதிர்பார்க்கிற? கேட்டுட்டு செஞ்சிருக்கலாமேன்னு திட்டுவ. ரெண்டு தடவை போன் அடிச்சேன், நீ எடுக்கல. மூணாவது தடவை அடிக்கலாம்னு நினைச்சப்ப கையில ஸ்க்ரூடிரைவர் இருந்துச்சு.

என் பொண்ணு, பாப்பா, காலேஜ்ல இருந்து லீவுக்கு வந்தா. பஸ்ல கூட்டம், அவ லேப்டாப்பு இருந்த பையை மேல கேரியர்ல வச்சிருக்கா. இருபது கொண்டை ஊசி வளைவுல எத்தனாவது வளைவுன்னு அவளுக்கே தெரியல, டிரைவர் ஒரு வெட்டு வெட்டினதுல பை நேரா கீழ வந்துடுச்சு. ஒரு அம்மா சேலத்துல புது குக்கர் வாங்கிட்டு வந்திருக்காங்க, அது மேலயே விழுந்துச்சு. குக்கருக்கு ஒண்ணும் ஆகல. லேப்டாப்புல ஒரு பக்கத்துக் கீல் பிய்ஞ்சு, திரையில ஒரு மூலையில இருந்து மை கொட்டின மாதிரி கறுப்பு பரவிக்கிட்டே போச்சு.

சேலத்துக்கு எடுத்துட்டுப் போனேன். (ஐந்து ரோட்டு மேம்பாலத்தை நீ பாத்திருக்க மாட்ட, 2020-ல திறந்தாங்க. நான் இன்னமும் எங்க ஏறி எங்க இறங்கறதுன்னு குழம்பறேன்.) ஒரு கடையில டிஸ்ப்ளே, கீல், மேல் மூடி எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம்னாங்க. "அதுக்குப் பழைய செட்டே வாங்கிடலாம் சார்"னு அவங்களே சொன்னாங்க. வீட்டுக்கு வந்து ஒரு ஹெச்டிஎம்ஐ வயரைப் போட்டு டிவியில மாட்டிப் பாத்தேன். படம் பளிச்சுன்னு வந்துச்சு. அப்ப உடம்பு நல்லா இருக்கு, தலைதான் போச்சு. பரண்ல உன்னோடது இருக்கறது அப்பதான் ஞாபகம் வந்துச்சு.

மாம்பழ அட்டைப்பெட்டியில ஒரு பக்கத்தை வெட்டி, அதுல உன் லேப்டாப்போட அடிப்பக்கத்தை அப்படியே வரைஞ்சேன். எந்த இடத்து ஸ்க்ரூவோ அந்த இடத்துலயே குத்தி வச்சேன். எல்லாம் பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா நீளம் வேற. நீளமானதைக் குட்டை ஓட்டையில முடுக்கினா போர்டையே குத்திடும். பேட்டரியைக் கழட்டிட்டு, பவர் பட்டனை இருபது எண்ற வரைக்கும் அமுக்கிப் பிடிச்சு மிச்சக் கரண்டையும் வடிச்சேன். அப்புறம் காலாவதியான ஏடிஎம் கார்டை விட்டு ஓரமா நெம்பினா, ஒவ்வொரு கிளிப்பும் 'டக்'னு விடும். ஒவ்வொண்ணுக்கும் நெஞ்சு பதறிச்சு, உடைஞ்சது கிளிப்பா கேஸான்னு.

கீபோர்டைத் தூக்கினா அடியில தட்டுவடைத் தூள். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் செட்டு வாங்கி, ஒரு கையில தின்னுக்கிட்டே ஒரு கையில டைப் அடிச்சவன்தானே நீ! அந்தத் தூளுக்கு நடுவுல என்னமோ மின்னுச்சு. ஸ்க்ரூன்னு நினைச்சு எடுத்தா, ஒரு கொலுசு முத்து. வெள்ளி. உங்க அப்பா பட்டறையில இருந்து வந்ததாத்தான் இருக்கணும். அதை ஒரு மாத்திரை டப்பாவுல போட்டு வச்சிருக்கேன்.

உன் திரையை எடுத்து அவளோடதுல மாட்டிடலாம்னு நினைச்சேன். ரெண்டும் 15.6 இன்ச், அளவு மயிரிழை பிசகல. பின்னாடி திருப்பிப் பாத்தா உன்னோடதுல 40 பின், அவளோடதுல 30 பின். திரைக்குப் படம் அனுப்பற முறையில, உன்னோடது எல்விடிஎஸ்ங்கற பழசு, அவளோடது அதுக்கப்புறம் வந்த இடிபி. சாக்கெட்டும் வேற, முறையும் வேற, வயரை மாத்திப் போட்டாலும் வேலைக்கு ஆகாது. சோத்துக்குக் கூட எந்திரிக்காம அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அப்புறம் யோசிச்சேன். திரை அவ லேப்டாப்புக்குள்ளயேதான் இருக்கணும்னு என்ன கட்டாயம்? ஹெச்டிஎம்ஐயில வர்ற படத்தை லேப்டாப்புத் திரைக்கு மாத்திக் குடுக்கற எல்சிடி கன்ட்ரோலர் போர்டுன்னு தனியா விக்கிறாங்க. திரைக்குப் பின்னாடி ஸ்டிக்கர்ல இருக்கற நம்பரைச் சொன்னா, அதுக்குத் தகுந்த மாதிரி செட் பண்ணியே அனுப்பறாங்க. 1,800 ரூபாய் ஆச்சு. ஒரு பக்கம் ஹெச்டிஎம்ஐ, இன்னொரு பக்கம் உன் திரை. மாட்டிட்டு சுவிட்சைப் போடப் போனவன், எதுக்கும் இருக்கட்டும்னு டார்ச் அடிச்சுப் பாத்தேன். போர்டுல ஒரு சின்ன ஜம்பர், திரைக்கு எத்தனை வோல்ட் போகணும்னு அதுதான் தீர்மானிக்கும். 5 வோல்ட்ல இருந்துச்சு. உன் திரைக்கு 3.3 தான். அப்படியே போட்டிருந்தா 1,800 ரூபாயோட உன் திரையும் போயிருக்கும். ட்வீசரால மாத்திக் குத்தினேன். சுவிட்சைப் போட்டதும் முதல்ல நீலம், அப்புறம் அவ வச்சிருக்கற பூனைப் படம். வீட்டுக்காரி அடுப்படியில இருந்து ஓடி வந்தா, என்னமோ ஆயிடுச்சுன்னு. நான் கத்தின கத்து அப்படி.

திரைக்கு மரச் சட்டம் நம்ம எஸ்டேட் ஆசாரி செஞ்சு குடுத்தாரு. காப்பிச் செடிக்கு நிழலுக்கு நிக்கிற சில்வர் ஓக் ஒண்ணு போன மழையில சாஞ்சுச்சு, அந்தப் பலகை. கூலி வேண்டாம்னுட்டாரு, பேரனுக்கு ஒரு தடவை கார்ட்டூன் போட்டுக் காட்டினாப் போதும்னாரு.

இன்னொரு கூத்து கேளு. அவ லேப்டாப்போட உடைஞ்ச மூடியைக் கழட்டி எறிஞ்சதுக்கு அப்புறம் வைஃபை வரல. ரூட்டர் அதே அறையில இருக்கு, ஒரு கோடு காட்டுது, அதுவும் போயிடுது. கார்டுதான் போச்சுன்னு நினைச்சேன். விஷயம் என்னன்னா, ஆண்டெனாவை மூடிக்குள்ள, திரை ஓரத்துலதான் ஒட்டி வச்சிருப்பாங்க. கீல் பிய்ஞ்சப்பவே அவளோட வயர் ரெண்டும் அறுந்திருக்கு. உன்னோட மூடியில இருந்த ரெண்டையும் உரிச்சு எடுத்தேன், கறுப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு. நுனியில இருக்கற கனெக்டர் கடுகைவிடக் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். நம்ம வயசுக்கு அது கண்ணுக்கே தெரியல. பாப்பாதான் நேரா வச்சு அமுக்கினா. இப்ப அந்த ரெண்டு தகடும் சில்வர் ஓக் சட்டத்துக்குப் பின்னாடி டேப் போட்டு ஒட்டிக்கிட்டு இருக்கு.

ரேம் அவளுக்கு ஆகல. உன்னோடது 1.5 வோல்ட், அவளோடது 1.35 வோல்ட் மட்டும் ஏத்துக்கற ரகம். ஸ்டிக்கர்ல 'எல்'லுன்னு ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஆனா பக்கத்து லயன் வீட்டுப் பையன்கிட்ட, அரசாங்கம் 2011-ல இருந்து குடுத்துச்சே, அந்த விலையில்லா மடிக்கணினி ஒண்ணு இருக்கு, அவன் அக்காவோடது. 2 ஜிபிய வச்சுக்கிட்டு முக்கிக்கிட்டு இருந்துச்சு. உன்னோட 4 ஜிபி ரேமோட தங்கப் பூச்சு முனையை அழிரப்பர் போட்டுத் தேய்ச்சு மாட்டினேன், இப்ப ஓடுது. இந்த ஊர் ஈரத்துல தங்கப் பூச்சே மங்கிப் போயிடுது, மாப்ள.

அந்தப் பையன் பேட்டரியையும் கேட்டான், பவர்பேங்க் செய்யணுமாம். உள்ள ஆறு செல், ரெண்டு ரெண்டா மூணு ஜோடி. மீட்டர் வச்சா ரெண்டு ஜோடி ஒரு வோல்ட்டுக்கும் கீழ. அந்த அளவு இறங்கின லித்தியம் செல்லைத் திரும்ப சார்ஜ் போடறது வம்பு. உள்ளுக்குள்ள ஷார்ட் ஆகி என்னைக்கு வேணா தீப்பிடிக்கும். தர முடியாதுன்னுட்டேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுப் போனான். பழைய இரும்புக்காரர்கிட்ட போட்டா சுத்தியலால தட்டிப் பாப்பாரு. அதனால முனைக்கெல்லாம் டேப் சுத்தி, மணல் போட்ட டின்ல வச்சிருக்கேன். சேலத்துல மின் கழிவு முறையா வாங்கறவங்க யாராச்சும் இருந்தா குடுக்கணும், விசாரிச்சுக்கிட்டு இருக்கேன். கேமராவை இன்னும் தொடல.

மிச்சம் உன் ஹார்ட் டிஸ்க், 500 ஜிபி. இத்தனை வருஷம் சும்மா கிடந்ததாச்சே, உசுரு இருக்கான்னு பாக்க ஒரு யூஎஸ்பி கேஸ்ல போட்டேன். கிர்ருன்னு சுத்துச்சு. நீ விண்டோஸ்ல பாஸ்வேர்டு போட்டிருந்தியே, டிஸ்க்கைக் கழட்டி வெளிய மாட்டினா அது எதையும் கேக்கவே இல்ல. 'அப்பா கணக்கு'ன்னு ஒரு ஃபோல்டர் கண்ணுல பட்டுச்சு. செவ்வாய்ப்பேட்டையில ராத்திரி தராசை மூடி வச்சுட்டு அவரு சொல்லச் சொல்ல நீ டைப் அடிச்சதா இருக்கும்னு நினைச்சேன். திறக்கல. அப்பவே நிறுத்திக் கழட்டி, துணியில சுத்தி பீரோவுல வச்சுட்டேன். நீ போடறப்ப, முதல் வேலையா எல்லாத்தையும் காப்பி எடுத்துடு. பழைய டிஸ்க், இன்னும் எத்தனை தடவை சுத்தும்னு சொல்ல முடியாது.

பொங்கலுக்கு உன் மச்சான் இந்தப் பக்கம் வரானாம். டிஸ்க்கையும் முத்தையும் அவன்கிட்ட குடுத்து விடட்டுமா, இல்ல நீ வர்ற வரைக்கும் இங்கயே இருக்கட்டுமா? எழுது. சார்ஜரை மட்டும் கேக்காத. அதோட 19 வோல்ட்டை 12-க்கு இறக்கித்தான் உன் திரை எரிஞ்சுக்கிட்டு இருக்கு.

உன் பழைய பெஞ்சுக்காரன்