சோஃபியா அரசியின் வழக்கு எப்படி முடிந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற நூலகர். இப்போது மகள் குடும்பத்தோடு கிராகோவில் இருக்கிறேன். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த போலந்து அரசிகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். யாத்விகாவைப் பற்றி விரிவாகவே எழுதியிருந்தீர்கள், எழுத வேண்டியதுதான். ஆனால் போலந்தை ஆண்ட யாகியெல்லோ மன்னரின் நான்காவது மனைவி சோஃபியாவுக்கு ஒரே ஒரு பத்தி. அதிலும் பாதி, பிள்ளைகள் மன்னருக்குப் பிறந்தவர்கள்தானா என்ற அந்தப் பழைய வம்பு. சந்தேகம் கிளம்பியதைச் சொன்ன கட்டுரையாளர், அது எப்படி முடிந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

1422 பிப்ரவரியில், இன்று பெலாரஸில் உள்ள நவக்ருடக்கில் அந்தக் கல்யாணம் நடந்தது. சோஃபியாவுக்கு வயது பதினேழு சுமார். மாப்பிள்ளை அறுபதைத் தாண்டியவர். பெண் லித்துவேனியப் பிரபு குடும்பம், ஆர்த்தடாக்ஸ் சபை. கத்தோலிக்கராக மாறித்தான் மணமேடை ஏறினார். மகுடம் உடனே கிடைத்துவிடவில்லை. 1424இல்தான் கிராகோவின் வாவெல் பேராலயத்தில் சூட்டினார்கள். ஹங்கேரி மன்னர் சிகிஸ்முண்டும் டென்மார்க் மன்னர் எரிக்கும் விருந்தினர்களாக வந்திருந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபர் கடைசியிலேயே மூத்த மகன் விளாடிஸ்லாவ் பிறந்தான்.

தொல்லையும் அதோடு பிறந்தது என்று சொல்லலாம். அதுவரை யாகியெல்லோவின் இரண்டாம் மனைவி அன்னாவின் மகள்தான் வாரிசு. ஜெர்மனியின் பிராண்டன்பர்க்கை ஆண்ட குடும்பத்துப் பையனுக்கு அவளை நிச்சயமும் செய்திருந்தார்கள். இப்போது ஆண் குழந்தை வந்துவிட்டது. ஆனால் போலந்தில் அரசர் மகன் என்பதாலேயே அரியணை கிடைத்துவிடாது, பிரபுக்களின் சம்மதம் வேண்டும். அவர்கள் பதிலுக்குச் சலுகை கேட்டார்கள், மன்னர் இழுத்தடித்தார். 1426இல் வென்ச்சித்சா நகரில் நடந்த கூட்டத்தில், சிறுவனை வாரிசாக ஏற்பதாகத் தாங்கள் எழுதிக்கொடுத்திருந்த பத்திரத்தை மன்னரின் கண்முன்னே வாளால் கிழித்துப் போட்டார்கள்.

இந்தச் சூழலில்தான் 1427 வருகிறது. ஒரு வயதுகூட நிரம்பாத இரண்டாவது மகனை அந்த ஆண்டின் தொடக்கத்தில் சோஃபியா பறிகொடுக்கிறார். மூன்றாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருக்கும்போது சோரம் போனதாகக் குற்றச்சாட்டு. பணிப்பெண்களைப் பிடித்து வதைத்து வாக்குமூலம் வாங்கினார்கள், வீரர்கள் சிலரின் பெயர்கள் இழுக்கப்பட்டன. அடித்து வாங்கிய வாக்குமூலத்துக்கு என்ன மதிப்பு, சொல்லுங்கள்! சோஃபியா அன்றைய முறைப்படி, நற்பெயருள்ள பெண்கள் உடன் நின்று உறுதி சொல்ல, சத்தியம் செய்து குற்றத்திலிருந்து விடுபட்டார். அவதூறு பரப்பியதற்காக யான் ஸ்ட்ராஷ் என்பவர் சிறைக்குப் போனார். வழக்கு அங்கே முடிந்துவிட்டது. உங்கள் கட்டுரையில் மட்டும் முடியவில்லை.

நவம்பர் 30இல் பிறந்த அந்தப் பிள்ளைதான் நான்காம் காசிமிர், பின்னாளில் நாற்பத்தைந்து ஆண்டு போலந்தை ஆண்டவர். மூத்தவன் 1444இல், இன்று பல்கேரியாவில் உள்ள வார்னா போர்க்களத்தில் இருபது வயதில் மாண்டான். அப்புறம் மூன்று ஆண்டு அரியணை காலியாகவே கிடந்தது. சோஃபியா இரு மகன்களும் முடிசூடியதைப் பார்த்தார். ஒருவரின் சாவுச் செய்தியையும் கேட்டார். 1461 செப்டம்பரில் கிராகோவிலேயே இறந்தார். பேரன்களில் நால்வர் மன்னர்கள்.

இதையெல்லாம்விட, நூலகர் என்பதால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கட்டுரையில் அதன் பெயர்கூட இல்லை. 1450களில் சோஃபியாவுக்காக எழுதப்பட்ட பழைய ஏற்பாட்டின் போலிஷ் மொழிபெயர்ப்பு அது, 'சோஃபியா அரசியின் பைபிள்' என்றே அழைக்கப்படுகிறது. போலிஷில் இந்த அளவில் இதற்கு முந்தைய மொழிபெயர்ப்பு கிடையாது. போலிஷ் தாய்மொழியே அல்லாத ஒரு பெண்ணுக்காக எழுதப்பட்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புதான். அந்தக் கையெழுத்துப் பிரதி ஹங்கேரியின் சாரோஷ்பட்டாக் கல்லூரி நூலகத்தில் இருந்தது. இரண்டாம் உலகப்போரில் காணாமல் போனது. தனியாகப் பிரிந்திருந்த ஒருசில தாள்கள் மட்டும் மிஞ்சின. 1930இல் யாரோ முன்யோசனையோடு நிழற்படப் பதிப்பு வெளியிட்டிருந்ததால்தான் இன்று அதைப் படிக்க முடிகிறது.

வாவெலுக்கு வருகிறவர்கள் மேற்கு வாசலில் நுழைந்ததும் வலப்பக்கம் திரும்பி, ஃபைட் ஸ்டோஸ் செதுக்கிய காசிமிரின் செம்பளிங்குக் கல்லறையைப் பார்க்கிறார்கள். அதற்கு எதிரே இடப்பக்கம் இருக்கும் திரித்துவச் சிற்றாலயம் சோஃபியா கட்டுவித்தது. அங்கே கூட்டம் குறைவு.

இந்தத் தொடரை நூலாக வெளியிடப்போவதாக அதே இணைப்பில் அறிவித்திருக்கிறீர்கள். அதற்குள் அந்தப் பத்தியில் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். சத்தியம் செய்து அவர் விடுபட்டது ஒன்று, பைபிள் ஒன்று. இடம் போதாது என்றால் வம்பை வெட்டிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர்,
கிராகோவ், போலந்து