திரவமாக்குற இடத்துல குளிர் மிஞ்சாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல எரிவாயு கட்டுரையில "திரவமாக்கும்போது கிடைக்கும் குளிரில் கடல்நீரை உறையவைத்துச் செலவின்றிக் குடிநீர் எடுக்கலாம்"னு ஒரு வரி. இருபது வருஷம் எல்என்ஜி (திரவமாக்கின இயற்கை எரிவாயு) பிளான்ட்ல ஷிப்ட் பாத்தவன் சார் நான், அந்த வரிய தாண்டிப் போக முடியல.

குளிர் அங்க கிடைக்கிறதில்ல, உண்டாக்குறோம். மைனஸ் 162 டிகிரிக்கு இறக்க, உள்ள வர்ற கேஸ்லயே பத்துல ஒரு பங்கு கிட்ட எரிச்சாகணும், அந்தக் குளிரத்தான் கப்பல்ல ஏத்துறோம். அது மிஞ்சுறது இறக்குற துறைமுகத்துல, மறுபடி வாயுவாக்கும்போது. திரவமாக்குற இடத்துல மிஞ்சுறது, குளிர்விக்கிற கம்ப்ரஸர ஓட்டுற டர்பைன் புகையோட சூடு, அத வச்சு கடல்நீர காய்ச்சி வடிக்கலாம். உங்களுக்குத் தெரியாததில்ல, எப்படி விட்டீங்கன்னுதான் வருத்தம்.

கார்பன் பிடிப்பு விஷயமும் அப்படித்தான், கேஸ்லருந்து பிரிக்கிறதையே பிடிச்சு வைக்கிறதா எழுதியிருக்கீங்க. கேஸ்ல இருக்கிற கார்பன் டை ஆக்சைட 50 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 50 பங்கு) கீழ இறக்கித்தான் ஆகணும், இல்லன்னா உள்ள உறைஞ்சிடும். ஒரு ராத்திரி, கார்பன் டை ஆக்சைட உறிஞ்சுற அமீன் திரவத்தோட பம்ப் நின்னு கொஞ்சம் உள்ள நழுவிடுச்சு, கேஸ குளிர்விக்கிற கோல்டு பாக்ஸ் முன்னாடி நின்னு பிரஷர் வித்தியாசம் ஏறிக்கிட்டே போறத பாத்தேன், விடியறதுக்குள்ள மொத்த டிரெயினும், அதாவது திரவமாக்குற வரிசை முழுக்க, நின்னுபோச்சு. நாங்க பிளான்ட் ஓடணும்னு பிரிச்சோம், பிரிச்சத வானத்துலதான் விட்டோம். நார்வேல ஸ்னோவிட் எரிவாயு வயல்ல 2008லருந்து அத பூமிக்கடியில செலுத்துறாங்க, அதுக்குப் பேர்தான் பிடிச்சு வைக்கிறது. டர்பைன் புகையில இருக்கிற கார்பன் டை ஆக்சைடு வேற கணக்கு. அதப் பிடிச்ச அமீன திரும்பக் காய்ச்ச 120 டிகிரி சூடு வேணும், தண்ணிக்குன்னு நான் மேல சொன்ன அதே சூடு. அமீனுக்குப் போக மிஞ்சுற 70 டிகிரியில தண்ணி வடிக்கலாம், திரவமாக்குறது, குடிநீர், கார்பன் பிடிப்பு மூணையும் சேக்கறதுன்னா இந்தப் பங்கீடுதான் சார், அதப்பத்தி ஒரு வரி இல்ல. வாங்கினவங்க ஒரு கிலோ மீத்தேன எரிச்சா 2.75 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிய வரும், அதுவும் இல்ல.

ரெண்டு வருஷம் முன்னாடி எல்பிஜியையும் எல்என்ஜியையும் ஒண்ணாக்கி எழுதினீங்க, கடிதம் போட்டேன், பதில் இல்ல. அப்புறம் ஒரு படத்துல மைனஸ் விட்டுப்போய் வெறும் 162 டிகிரின்னு வந்துச்சு, அப்பவும் எழுதினேன். ஸ்கூல் பசங்க உங்க பத்திரிகைய வெட்டி நோட்டுல ஒட்டுறாங்க சார்.

அடுத்த இதழ்ல ஒரு சின்னக் கட்டம் போடுங்க. "திரவமாக்கும்போது"ங்கிறத "மறுபடி வாயுவாக்கும்போது"ன்னு மாத்தி, "செலவின்றி"ய எடுத்துடுங்க, அது போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிளான்ட் ஆபரேட்டர்