கை மாறிய கப்பல்

அன்புள்ள ராமு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். படி ஏறாதே என்று டாக்டர் சொன்னால் கேட்டுக்கொள். என்ஜின் ரூம் ஏணியில் நீ ஏறி இறங்கியது போதும்.

நான் இன்னும் இங்கிலாந்தில், ஹல் துறைமுக ஊரில் மகள் வீட்டில்தான். நேற்று மழை விட்டதும் செயின்ட் ஆண்ட்ரூஸ் டாக் பக்கம் நடந்தேன். 1883இல் திறந்து 1975இல் மூடிய மீன்பிடித் துறை. இப்போது சேறும் நாணலும்தான். இங்கிருந்து போன நீராவி டிராலர் ஒன்றின், அதாவது வலை இழுத்து மீன் பிடிக்கும் கப்பலின், கதை உனக்குப் பிடிக்கும்.

பெயர் வயோலா. ஹெல்யர் கம்பெனிக்கு ஷேக்ஸ்பியர் பாத்திரங்களின் பெயரைச் சூட்டும் பழக்கம். வயோலா, அவர் நாடகம் ஒன்றில் கப்பல் உடைந்தும் பிழைத்துக் கரையேறுகிற பெண். 1906இல் பக்கத்து ஊர் பெவர்லியில் கட்டினார்கள். வடகடலில் கூட்டமாக நின்று வாரக்கணக்கில் மடிவலை இழுக்கும் வேலை. பிடித்த மீனைக் கரைக்குக் கொண்டுவர மாட்டார்கள். பெட்டியில் அடைத்து, சின்னத் துடுப்புப் படகில் ஏற்றி, காத்திருக்கும் வேகக் கப்பலிடம் கொடுக்க வேண்டும். அது லண்டன் பில்லிங்ஸ்கேட் சந்தைக்கு ஓடிவிடும். யோசித்துப் பார். படகு ஒரு அலையில் மேலே வரும், கப்பல் அடுத்த அலையில் கீழே போகும், நடுவில் நின்று பெட்டியைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். அப்படித் தவறி விழுந்து போனவர்கள் நிறைய. மீன் கெடாமல் போய்ச் சேர்ந்தது, அது முதலாளி கணக்கு.

1914இல் கடற்படை எடுத்துக்கொண்டு பீரங்கி பூட்டியது. 1918இல் இரண்டு ஜெர்மன் நீர்மூழ்கிகளை அழித்ததில் இதற்கும் பங்கு உண்டு. போர் முடிந்ததும் நார்வேக்காரர்கள் வாங்கித் திமிங்கில வேட்டைக்கு மாற்றினார்கள். பெயரும் மாறி, கடைசியில் டயஸ் என்று நின்றது. 1927இல் அர்ஜென்டினக் கம்பெனி ஒன்று வாங்கி, தென் அட்லாண்டிக்கில் தெற்கு ஜார்ஜியாத் தீவின் கிரிட்விக்கனுக்குக் கொண்டுபோனது. தென்துருவப் பயணி ஷாக்கிள்டனின் கல்லறை இருக்கிறதே, அதே ஊர். அங்கே எண்ணெய்க்காகக் கடல் யானை என்கிற பெரிய சீல்களைக் கொன்று ஏற்றி வரும் வேலை. மீனைவிட நாற்றம் அதிகம் என்று நினைக்கிறேன்.

1960களில் அந்த ஊர்த் திமிங்கில வேட்டை நிலையம் மூடியதும், கட்டிப்போட்ட இடத்திலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். 1974இல் அங்கேயே மூழ்கியது, 2004இல் மிதக்கவிட்டுக் கரையோரம் ஏற்றினார்கள். 1982இல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து போரில் அதன் கண்ணெதிரே சண்டை நடந்தது. இன்றும் துருப்பிடித்து அங்கேதான் நிற்கிறது.

இத்தனை பேர் கை மாறியும் நீராவி என்ஜின் உள்ளேயே இருக்கிறது, ராமு! மூன்று சிலிண்டர். நாம் பயிற்சிக் காலத்தில் பிரித்துப் பூட்டினோமே, அதே ஜாதி. சின்ன சிலிண்டரில் முறுக்கோடு நுழைந்த நீராவியைப் பெரியதில் கடைசி மூச்சு வரை பிழிந்து எடுக்கும். போட்டோவைப் பார்த்ததும் எனக்குக் கையில் கிரீஸ் வாசனை வந்தது.

கூடப் பிறந்த ஹல் டிராலர்களை எல்லாம் இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். இதற்கு மட்டும் ஆயுள் கெட்டியாக இருந்ததற்கு யாருடைய பாசமும் காரணமில்லை. அவ்வளவு தூரம் ஆள் அனுப்பி உடைத்தால் இரும்பு விலைக்குக் கட்டாது, என் கணக்கு இதுதான். இப்போது அதை ஹல்லுக்கே கொண்டுவர வேண்டும் என்று ஒரு டிரஸ்ட் முயல்கிறது. தானாக ஓடி வராது, இன்னொரு கப்பல் மேல் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். செலவை நினைத்தால் எனக்கே தலை சுற்றுகிறது, ஆனாலும் வந்தால் முதல் ஆளாகப் போய் நிற்பேன். அதன் மணி நார்வேயில் ஒரு பண்ணையில் கிடைத்து, முன்னமே ஊர் திரும்பிவிட்டது.

அப்புறம், ஒர்க்‌ஷாப்பில் நாம் என்ஜின் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோ உன்னிடம்தானே இருந்தது? தேடிப் பார். கிடைத்தால் ஒரு நகல் அனுப்பு, பேரனிடம் காட்ட வேண்டும். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
கணேசன்